சாலை அங்கியும் சலவையும்

வேலூருக்குத் தெற்கே, ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், சவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி என்னும் காட்டுப் பகுதி இருக்கிறது. 1967-ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற சிறிய விலங்குக் காட்சிச் சாலை ஒன்றும், மழைக்காலத்தில் உயிர் பெறும் அருவி ஒன்றும் அங்கே உள்ளன. விடுமுறை நாட்களில் இளைஞர் பலர் மோட்டார் சைக்கிளில் அங்கே சென்று வருகின்றனர். அவர்களுள் சிலர் தலைக்கவசத்தோடு கனத்த அங்கி ஒன்றும் அணிந்திருப்பதைக் காணலாம்.

தொலைவிலிருந்து பார்ப்பவர்க்கு அது தோலாடை என்றே தோன்றும். வேலூர், இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த நாடு அன்றோ இது? ஆயினும் அருகில் சென்று தொட்டுப் பார்த்தால், அது தோல் அன்று. துணி என்பது விளங்கும். ஆங்கிலத்தில் இதனை ஜாக்கெட் என்பர். நம் வீடுகளில் அச்சொல் பெண்கள் அணியும் இரவிக்கையைக் குறிப்பதால், குழப்பம் நேராதபடி ‘சாலை அங்கி’ என்றே நாம் இதனைக் குறிப்பிடுவோம்.

தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் விதி. சாலை அங்கிக்கு அத்தகைய விதி ஒன்றும் இல்லை. விரும்புவோர் வாங்கி அணிகின்றனர். வாங்கும்போது விலையையும் நிறத்தையும் பற்றி நூறு கேள்விகள் கேட்போர், அதனை எவ்வாறு துவைப்பது என்று கேட்பதில்லை. சட்டையைத் துவைப்பதுபோல் இதையும் துவைத்துவிடலாம் என்றே எண்ணுகின்றனர். அந்த எண்ணத்தால் எத்தனையோ நல்ல அங்கிகள் வீணாகின்றன. அங்கி வீணாவது சிறிய இழப்பு. வீணானது தெரியாமல் அதனை நம்பி மழையிலும் நெடுஞ்சாலையிலும் செல்வதே பெரிய தீங்கு. ஆதலால் இதன் சலவை முறையை இன்று சற்று விரிவாகக் காண்போம்.

முதலில், தோலுக்குப் பதிலாகத் துணி வந்தது எவ்வாறு என்று பார்ப்போம். மோட்டார் சைக்கிள் தோன்றிய காலம் தொட்டே அதனை ஓட்டுவோர் தோலாடையை நாடினர். சாலையில் விழுந்து உராயும்போது தோலைப்போல் தாங்கக்கூடிய பொருள் அக்காலத்தில் வேறு இல்லை. 1935-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்னும் இரசாயன அறிஞர் நைலானைக் கண்டார். 1941-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்ஸன் என்னும் இருவர் இன்று நாம் பாலியெஸ்டர் என்று வழங்கும் இழையைக் கண்டனர். 1965-இல் ஸ்டெபனி குவோலெக் என்னும் அம்மையார் கண்ட கண்டுபிடிப்பிலிருந்து கெவ்லார் என்னும் மிக உறுதியான இழை பிறந்தது. இவற்றால் நெய்த தடித்த துணி, தோலுக்கு ஒரு மாற்றாக வந்தது. அது தோலைவிட இலேசானது. காற்றோட்டம் அமைத்துத் தைக்க ஏற்றது. மழையைத் தடுக்குமாறும் செய்யத்தக்கது. சித்திரை வெயிலில் 40 பாகைக்கு மேல் கொதிக்கும் வேலூர்ச் சீமையில், இக்குணங்களின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

இனி அந்த அங்கியைப் பிரித்துப் பார்ப்போம். பார்வைக்கு ஒரே உடையாகத் தோன்றினும், உண்மையில் அது ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த பல பொருள்களின் கூட்டம்.

வெளியே இருப்பது தடித்த நைலான் அல்லது பாலியெஸ்டர் துணி. இதன் நூலின் பருமனை ‘டெனியர்’ என்னும் அளவால் குறிப்பர். 9,000 மீட்டர் நீளமுள்ள நூல் எத்தனை கிராம் எடையுள்ளதோ, அத்தனை டெனியர் என்பது கணக்கு. ஒரு பட்டிழை ஏறக்குறைய ஒரு டெனியர். சாலை அங்கியின் வெளித்துணியில் 500, 600, சில இடங்களில் 1,000 டெனியர் நூலும் இருக்கும். சாலையில் உராயும்போது முதலில் தேய்வது இத்துணி. அது தேயும் நேரமே ஓட்டுபவரின் உடலுக்குக் கிடைக்கும் அவகாசம்.

இத்துணியின்மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு ஒன்று உண்டு. அதன் வேலை நீரை ஒட்டவிடாமல் உருட்டி விடுவது. தாமரை இலையில் தண்ணீர் முத்துப்போல் உருள்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இலையின் மேலுள்ள மெழுகும் நுண்ணிய மேடுகளும் சேர்ந்து அந்த வேலையைச் செய்கின்றன. அங்கியின் பூச்சும் ஏறக்குறைய அவ்வாறே பயன்படுகிறது.

வெளித்துணிக்கு உள்ளே, மழைக்கேற்ற அங்கிகளில், ஒரு சவ்வு இருக்கும். இதன் தன்மை வியப்புக்குரியது. நீர்த்துளியை இது உள்ளே விடாது. ஆனால் உடலிலிருந்து எழும் வியர்வை ஆவியை வெளியே விடும். 1969-ஆம் ஆண்டில் ராபர்ட் கோர் என்பவர், ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசப்படும் டெஃப்லான் என்னும் பொருளை விரைந்து இழுத்து நீட்டி, எண்ணற்ற நுண்துளைகளை உடைய ஏடாக மாற்றினார். நீர்த்துளி புக முடியாத அளவுக்குச் சிறியவை அத்துளைகள். ஆவியின் மூலக்கூறு எளிதில் போகும் அளவுக்குப் பெரியவை. சவ்வுகளில் ஒரு வகை இது. பாலியூரிதேன் என்னும் பொருளாலான சவ்வும் உண்டு.

தோள், முழங்கை, முதுகு ஆகிய இடங்களில் தனிப் பைகள் தைத்து, அவற்றுள் காப்புத் திண்டுகளைச் செருகியிருப்பர். இத்திண்டுகளுட் பல விந்தையான நுரைப் பொருளாலானவை. விரலால் மெல்ல அழுத்தினால் குழைந்து கொடுக்கும். சடுதியில் தாக்கினால் இறுகி நின்று அடியைப் பரவலாக்கும். ஐரோப்பியத் தர விதிகளின்படி தோள், முழங்கைத் திண்டுகளை 50 ஜூல் ஆற்றலுள்ள அடியால் சோதிக்கின்றனர். 5 கிலோகிராம் எடையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போடுவதற்கு ஏறக்குறைய ஒப்பானது அது. திண்டைக் கடந்து மறுபுறம் சேரும் விசை, சராசரியாக, முதல் தரத்திற்கு 35 கிலோநியூட்டனையும் இரண்டாம் தரத்திற்கு 20 கிலோநியூட்டனையும் மீறலாகாது. இவற்றோடு, உள்ளே வியர்வையை வாங்கும் வலைத்துணியும், இரவில் விளக்கொளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளும் உண்டு. அப்பட்டைகளில் ஒளியைத் திருப்புவன மிக நுண்ணிய கண்ணாடி மணிகளே.

இவ்வளவையும் கூறியதற்குக் காரணம் ஒன்று உண்டு. சலவை என்றால் அழுக்கைப் போக்குவது என்று நாம் நினைக்கிறோம். அது பாதி உண்மையே. எதைப் போக்க வேண்டும் என்பதோடு, எதைப் போகவிடாமல் காக்க வேண்டும் என்பதையும் அறிந்து செய்வதே சலவை.

இவ்வுண்மையை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். பருத்தித் துணியை வண்ணார் உவர்மண் நீரில் நனைத்து, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து வெளுப்பர். ஆவியின் வெப்பத்தையும் காரத்தையும் பருத்தி தாங்கும். பட்டுப் புடவையை எவரும் வெள்ளாவி வைப்பதில்லை. பூந்திக்கொட்டை ஊறிய நீரில் மெல்ல அலசி நிழலில் உலர்த்துவர். தோலுக்கு முறை வேறு. ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோலாயினும், குரோமிய உப்பால் பதனிட்ட தோலாயினும், அதன் நெகிழ்ச்சிக்குக் காரணம் உள்ளே ஊட்டப்பெற்ற எண்ணெய்ப் பசையே. தோலாடையைத் தொட்டியில் ஊறப்போட்டால் அப்பசை குன்றும்; உலர்ந்தபின் தோல் விறைத்து வெடிக்கும். ஆதலின் ஆம்பூரில் தோல் வேலை அறிந்த எவரும் அதனை ஈரத் துணியால் துடைத்துப் பசையூட்டுவாரேயன்றி ஊறவைக்க மாட்டார். சாலை அங்கியோ பருத்தியும் அன்று, பட்டும் அன்று, தோலும் அன்று. அதற்கு உரிய முறையை அதன் இயல்பிலிருந்தே நாம் அறிய வேண்டும்.

அதன் அழுக்கு எத்தகையது? சாலைப் புழுதி ஒன்று. வண்டிகளின் புகைக்கரியும் எண்ணெய்ச் சிதறலும் இரண்டு. மோதி நசுங்கும் பூச்சிகள் மூன்று. உள்ளிருந்து வரும் வியர்வையும் உடலின் எண்ணெய்ப் பசையும் நான்கு. இயல்பான காற்றில் பருத்தி தன் எடையில் 8 விழுக்காடு அளவுக்கு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை விழுக்காடு கூட வாங்குவதில்லை. நீரை வெறுக்கும் பாலியெஸ்டர் எண்ணெயை விரும்பும். அதனால்தான் உடலின் பசை அதில் விடாப்பிடியாகப் பற்றிக்கொள்கிறது. வெறும் நீரில் எத்தனை முறை அலசினும் நாற்றம் போவதில்லை.

இவ்வழுக்கினால் வரும் கேட்டினை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். கல்லூரி மாணவர் ஒருவர் ஐப்பசி மாதத்தில் அமிர்திக்குச் சென்று திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். வழியில் அடைமழை பிடித்துக்கொள்கிறது. அவருடைய அங்கியின் வெளித்துணியில் புழுதியும் எண்ணெய்ப் பசையும் படிந்திருப்பதால், பூச்சு தன் வேலையைச் செய்ய முடியவில்லை. நீர் உருண்டோடாமல் துணியில் ஊறி நிற்கிறது. உள்ளே உள்ள சவ்வு அப்போதும் பழுதற்றே இருக்கிறது. மழைத்துளி எதையும் உள்ளே விடவில்லை. ஆனால் வெளித்துணி நீரால் நிறைந்திருப்பதால், வியர்வை ஆவி வெளியேற வழியில்லை. அது உள்ளேயே குளிர்ந்து நீராகிச் சட்டையை நனைக்கிறது. மாணவர், ‘அங்கி ஒழுகுகிறது, இனி இது பயன்படாது’ என்று முடிவு செய்கிறார். அவரை நனைத்தது மழை அன்று, அவருடைய வியர்வையே. தேவைப்பட்டது புது அங்கி அன்று, நல்ல சலவையே. நனைந்த உடம்போடு காற்றில் செல்பவர்க்குக் குளிரால் விரல்கள் விறைக்கும், கவனம் சிதறும், பிரேக்கைப் பிடிக்கும் கை தாமதிக்கும். ஈரச் சாலையில் அந்தத் தாமதம் எவ்வளவு விலை பெறும் என்பதைச் சொல்ல வேண்டுமோ?

இப்போது சலவை முறைக்கு வருவோம். முதல் வேலை, அங்கியின் உள்ளே தைத்திருக்கும் சிறு துணிச் சீட்டைப் படிப்பது. அதில் எழுத்தோடு சில குறிகளும் இருக்கும். நீருள்ள தொட்டி துவைத்தலையும், முக்கோணம் வெளுப்பு மருந்தையும், சதுரம் உலர்த்துதலையும், இஸ்திரிப் பெட்டியின் படம் தேய்த்தலையும், வட்டம் உலர் சலவையையும் குறிக்கும். குறியின்மேல் பெருக்கல் அடையாளம் இருந்தால் அது கூடாது என்பது பொருள். தொட்டிக்குள் 30 என்றிருந்தால் நீரின் வெப்பம் 30 பாகையை மீறலாகாது. செய்தவர் சொன்ன சொல் அதுவாதலால், அச்சீட்டுக்கும் நான் கூறுவதற்கும் மாறுபாடு இருப்பின் சீட்டையே பின்பற்றுங்கள்.

அடுத்து, பைகள் அனைத்தையும் காலி செய்ய வேண்டும். காப்புத் திண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எது எந்தப் பையிலிருந்து வந்தது, எந்தப் பக்கம் உடலை நோக்கி இருந்தது என்பதைக் குறித்துக்கொள்வது நலம். திண்டுகளைத் தொட்டியில் போடலாகாது. நுரைப் பொருள் நீரைக் குடித்து உலர நாளாகும், முறுக்கினால் பிளவுபடும். ஈரத் துணியால் துடைத்து நிழலில் வைத்தாற் போதும். கழற்றக்கூடிய உள்துணியும் மழைச் சவ்வும் இருந்தால் அவற்றைத் தனியே பிரித்துத் தனியே துவைக்க வேண்டும். பின்பு ஜிப்புகள் எல்லாவற்றையும் மூடி, முள்ளும் பஞ்சும்போல் ஒன்றையொன்று பற்றும் வெல்க்ரோப் பட்டைகளையும் ஒட்டிவிட வேண்டும். திறந்து கிடக்கும் வெல்க்ரோ, வலைத்துணியைப் பற்றி இழுத்துக் கிழித்துவிடும்.

நனைக்கும் முன் உலர்ந்த புழுதியை மென்மையான தூரிகையால் தட்டிப் போக்குங்கள். புழுதி என்பது நுண்ணிய மணலே. அதனோடு சேர்த்துக் கசக்கினால் உப்புத்தாள் கொண்டு தேய்ப்பதுபோல் நூல் தேயும். பூச்சிக் கறைமேல் ஈரத் துணியைப் பத்து நிமிடம் போட்டுவைத்தால் அது தானாக இளகும். நகத்தால் சுரண்ட வேண்டியதில்லை. எண்ணெய்க் கறைக்குப் பெட்ரோலோ மண்ணெண்ணெயோ தொடவே கூடாது. அவை பூச்சையும் சவ்வையும் கெடுக்கக்கூடும். தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு. சலவைத் திரவத்தில் ஒரு சொட்டை அவ்விடத்தில் இட்டு விரலால் மெல்லத் தேய்த்தால் போதுமானது.

நீரைப் பற்றி இரண்டு சொற்கள். 30 பாகை என்பது நம் ஊரில் குழாய் நீரின் இயல்பான வெப்பமே. ஆனால் கோடை நண்பகலில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் நீர் கையைச் சுடும். அதனைக் கொண்டு துவைக்காமல் காலை நீரைப் பிடித்துக்கொள்வது நல்லது. மற்றொன்று, நீரின் கடினத்தன்மை. உப்புக் கிணற்று நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் கூடி வெண்மையான கசடாகத் திரளும். துணியில் படிந்தால் எளிதில் போகாது. பூச்சின் மேல் படிந்தால் நீர் உருள்வதைத் தடுக்கும். ஆகவே இயன்றவரை நல்ல நீரைப் பயன்படுத்த வேண்டும். கடைசி அலசலுக்கேனும் அது வேண்டும். கூரையில் பிடித்த மழைநீர் மிகச் சிறந்தது.

சலவைப் பொருளில் தவிர்க்க வேண்டுவன மூன்று. முதலாவது வெளுப்பு மருந்து. அது நைலான் இழையை அரிக்கும். இரண்டாவது, துணியை மென்மையாக்கும் மணத் திரவம். இதுவே மிகப் பெரிய பகைவன். அது இழைகளின் மேல் வழவழப்பான ஓர் ஏட்டை விட்டுச் செல்கிறது. சட்டைக்கு அது இனிமை. அங்கிக்கோ, நீர் விலக்கும் பூச்சை மறைத்து, சவ்வின் மூச்சையும் அடைக்கும் திரை. மூன்றாவது, காரம் மிகுந்த சலவைத் தூள். அதன் கரையாத துகள்கள் தடித்த நெசவுக்குள் தங்கிவிடும். மென்மையான, நிறமும் மணமும் குறைந்த திரவத்தைச் சிறிதளவே பயன்படுத்துங்கள். இத்தகைய உடைகளுக்கென்றே செய்யப்பெறும் சலவைத் திரவங்களும் கடைகளில் கிடைக்கின்றன.

அகன்ற தொட்டியில் நீர் நிரப்பி, திரவத்தைக் கலந்து, அங்கியை அமிழ்த்திப் பத்து அல்லது பதினைந்து நிமிடம் விடுங்கள். பின்பு மாவைப் பிசைவதுபோல் மெல்ல அழுத்தி அழுத்தி விடுங்கள். கழுத்துப்பட்டையும் மணிக்கட்டும் பசை மிகுந்த இடங்கள். அவற்றை மட்டும் மென்தூரிகையால் தடவலாம். ஒளிப்பட்டையின் மேல் தூரிகை படவே கூடாது. அதிலுள்ள கண்ணாடி மணிகள் உதிர்ந்தால், இரவில் பின்னால் வரும் லாரி ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். கல்லில் அடிப்பதும் முறுக்கிப் பிழிவதும் வேண்டா. அங்கியின் கனத்தைத் தையல்களே தாங்குவதால், முறுக்கினால் முதலில் அறுபடுவன அவையே.

சலவை இயந்திரத்தைச் சீட்டு அனுமதித்தாலும், மிக மெதுவான சுற்றிலேயே போட வேண்டும். வேகமாகச் சுழற்றிப் பிழியும் பகுதியை நிறுத்திவிடுவது நன்று. மழை புகாத துணி தன்னுள் நீரைக் குளம்போல் தேக்கி, சுழலும்போது இயந்திரத்தையே நிலைகுலையச் செய்யக்கூடும்.

நுரை அறவே நீங்கும்வரை மூன்று முறையேனும் அலச வேண்டும். எஞ்சும் சோப்பு, அழுக்கைக் காட்டிலும் கொடியது. ஏனெனில் நீரை ஈர்ப்பதே சோப்பின் தொழில். பூச்சு நீரை விலக்க முயல, சோப்பு அதனை அழைத்து வந்து உட்கார வைக்கும்.

உலர்த்துவது நிழலிலேயே ஆக வேண்டும். வேலூர் வெயில் இரண்டு மணி நேரத்தில் உலர்த்திவிடும் என்று கொடியில் போட்டுவிடாதீர்கள். சூரிய ஒளியின் புறவூதாக் கதிர்கள் நைலானின் நீண்ட மூலக்கூறுகளை அறுக்கின்றன; நிறம் மங்குவதோடு வலிமையும் குன்றுகிறது. அகன்ற தோள் உள்ள மரச்சட்டத்தில் மாட்டி, காற்றோட்டமுள்ள தாழ்வாரத்தில் தொங்கவிடுங்கள். ஓரிரு நாள் ஆகலாம். உள்ளே முற்றும் உலர்ந்த பின்பே திண்டுகளை முன்போலச் செருக வேண்டும். திண்டைச் செருக மறந்த அங்கி, வெறும் தடித்த சட்டையே.

இனி ஒரு சிறு சோதனை. உலர்ந்த அங்கியின் தோளில் ஒரு கரண்டி நீரைத் தெளியுங்கள். முத்துப்போல் உருண்டால் பூச்சு நலமாக இருக்கிறது. பரவி ஊறினால் அது களைத்துவிட்டது. சீட்டு அனுமதித்தால், மேலே ஒரு பருத்தித் துணியை விரித்து, மிகக் குறைந்த சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டிப் பாருங்கள். சாய்ந்து கிடக்கும் பூச்சின் மூலக்கூறுகள் அச்சூட்டினால் மீண்டும் நிமிர்ந்து நிற்கும். அப்போதும் உருளவில்லையானால் புதுப் பூச்சுத் தெளிக்க வேண்டியதுதான்.

மாணவர்களே, அங்கி தூய்மையாகிவிட்டது. ஆனால் தொட்டியில் கறுத்த நீர் இருக்கிறது. அது எங்கே போகிறது? இக்கேள்வியைக் கேளாமல் சலவையைப் பற்றிப் பேசி முடிப்பது, பாலாற்றங்கரையில் வாழ்பவர்க்கு அழகன்று. தோல் பதனிடும் தொழில் இந்நாட்டில் பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிட்டது. ஆயினும் அதன் கழிவுநீர் சுத்திகரிக்கப்படாமல் நெடுங்காலம் பாலாற்றிலும் வயல்களிலும் சேர்ந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு 28-ஆம் நாள் தீர்ப்பளித்தது. தோல் பதனிடும் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முற்றிலுமோ பயிருக்கு உதவாததாகிவிட்டது என்ற ஆய்வுச் செய்தி அத்தீர்ப்பில் இடம்பெற்றது. மாசு செய்தவரே அதன் விலையைக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கையை இந்நாட்டுச் சட்டத்தின் பகுதியாக அத்தீர்ப்பு ஏற்றது. 2025 ஜனவரியிலும் பாலாற்றின் மாசு குறித்து அந்நீதிமன்றம் மீண்டும் ஆணைகள் பிறப்பித்தது.

ஆலைக் கழிவோடு நம் தொட்டி நீரை ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அளவில் ஒப்பில்லை, இயல்பில் உறவு உண்டு. செயற்கை இழைத் துணியைத் துவைக்கும்போது கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிழைகள் உதிர்ந்து நீரில் கலக்கின்றன. ஒரே ஓர் உடையிலிருந்து ஒரு சலவையில் 1,900-க்கு மேற்பட்ட இழைகள் உதிரக்கூடும் என்று 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. அவை மக்கும் பருத்தி அல்ல, பிளாஸ்டிக். நீர் விலக்கும் பூச்சுகள் பலவற்றில் நெடுங்காலம் ஃபுளோரின் சேர்ந்த இரசாயனங்கள் பயன்பட்டன. அவை மண்ணிலும் நீரிலும் சிதைவதில்லை. அவ்வினத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ. என்னும் பொருளை, ஒழிக்கப்பட வேண்டியவற்றுள் ஒன்றாக 2019-இல் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை பட்டியலில் சேர்த்தது. ஃபுளோரின் இல்லாத பூச்சுகள் இன்று கிடைக்கின்றன. புதுப் பூச்சு வாங்கும்போது அவற்றையே கேட்டு வாங்குங்கள்.

ஆகவே அங்கியை அடிக்கடி துவைக்க வேண்டா. பயணம் முடிந்ததும் ஈரத் துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உட்புறத்தைக் காற்றாட விடுங்கள். கழற்றக்கூடிய உள்துணியை மட்டும் அடிக்கடி அலசுங்கள். முழுச் சலவை, அழுக்கு மிகும்போதும், மழைக்காலம் தொடங்கும் முன்பும் போதும். அமிர்திக்குச் சென்ற களைப்பில், சேறு படிந்த அங்கியை அங்குள்ள காட்டோடையிலேயே அலசிவிடலாம் என்று தோன்றும். அந்த ஓடையின் நீரை மான்கள் குடிக்கின்றன. கீழே உள்ள ஊர்களும் நம்பியிருக்கின்றன. வீட்டுக்கு வந்து துவைத்து, அந்நீரைக் கழிவுநீர்க் குழாயிலேயே விடுங்கள்.

இறுதியாக ஒன்று. துவைக்கும் நேரமே அங்கியைச் சோதிக்கும் நேரம். கையில் எடுத்து ஒவ்வொரு தையலாகப் பாருங்கள். நூல் விட்டிருக்கிறதா, முழங்கைத் துணி தேய்ந்து மெலிந்திருக்கிறதா, திண்டு வெடித்திருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். ஒரு முறை பலமாக அடிபட்ட திண்டை, வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும், மாற்றிவிடுவதே முறை. தோல் பதனிடுபவர் ஒவ்வொரு தோலையும் வெளிச்சத்தில் விரித்து, விரலால் தடவிக் குறை கண்டபின்பே அடுத்த வேலைக்கு அனுப்புவார். அவர் செய்வதை நாமும் செய்வோம். அடுத்த முறை அமிர்திச் சாலையில் மழை வரும்போது, தோளில் விழும் முதல் துளி உருண்டோடுகிறதா என்று பாருங்கள். உங்கள் சலவை நன்றாக அமைந்ததா என்பதை அத்துளியே சொல்லிவிடும்.